விளக்கம் எழுதுங்கள், ராஜினாமா எழுதாதீர்கள்

மண்டபம் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனி ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் தங்கை ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஊரில் இருந்து ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி வேனே பதினைந்து நிமிடம் தாமதமாக வந்த நாளில், ஏறி வந்த அத்தனை பேருக்கும் அரைநாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்து அழைப்பு வர, இடைவேளையில் கூடத்தின் வாசலில் நின்று இரண்டு நிமிடம் கைப்பேசியில் பேசியிருக்கிறார். மேலாளர் அவரை எல்லார் முன்னாலும் திட்டினார். அந்த மேலாளர் தினமும் தலையுறை இல்லாமல், கைப்பேசியைக் காதில் வைத்தபடி சதை எடுக்கும் மேசைகளுக்கு இடையே நடப்பவர். "இந்த விதி உங்களுக்கு இல்லையா சார்?" என்று தங்கை கேட்டுவிட்டார். மறுநாள் மெமோ வந்தது: கைப்பேசி பயன்படுத்தியது, பணிவின்மை, மற்றவர்களைத் தூண்டியது. மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும், அதுவரை சஸ்பெண்ட். மாலையில் சூப்பர்வைசர் பேசியிருக்கிறார்: "ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கை உடனே முடித்துத் தருகிறோம். இல்லாவிட்டால் இந்தக் கரையில் எந்தக் கம்பெனியிலும் உனக்கு வேலை கிடைக்காது."

"அண்ணே, மன்னிப்பு எழுதிக் கொடுக்கவா, ராஜினாமா எழுதவா, சண்டை போடவா?" என்று கேட்கிறார்.

தங்கையே, இந்த மூன்றுமே இப்போது வேண்டாம். விளக்கம் எழுதுங்கள். அது மன்னிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. உங்கள் தலைவிதியைத் தீர்மானிக்கப்போவது மேலாளரின் குணமோ உங்கள் பக்கத்து நியாயமோ மட்டும் அல்ல; இந்த மூன்று நாளில் நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளும்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். எனக்கு இருபத்து நான்கு வயதில் இறால் கம்பெனி ஒன்றில் சரக்கறைப் பொறுப்பு. ஐஸ் கட்டிகளில் கணக்குக் குறைகிறது என்று என் சம்பளத்தில் பிடித்தார்கள். குறைந்த ஐஸ் எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், மேலாளரின் மைத்துனர் வண்டியில் போகிறது. நான் கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன், சாவியை மேசையில் எறிந்தேன், இரண்டு வரி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பிறகு இராமநாதபுரத்தில் தொழிற்சங்கத் தோழர் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, நீங்கள் சொல்வதில் எது தாளில் இருக்கிறது?" தாளில் இருந்தது என் ராஜினாமா மட்டும். அதன்பிறகு எத்தனையோ பேருக்கு விளக்கக் கடிதம் எழுத உதவியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் மனதை அரிக்கும் விஷயம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம் வீடுகளில் பிறந்த பழமொழி. வேலையிடத்தில் அது இன்னும் கூர்மையாகக் குத்தும். ஆனால் "அவரும் செய்தாரே" என்பது உங்கள் மேல் சொல்லப்பட்ட குற்றத்துக்குப் பதில் ஆகாது. விளக்கத்தை அந்த வரியில் தொடங்கினால், "அப்படியானால் நீ செய்ததை ஒப்புக்கொள்கிறாய்" என்று எழுதிக்கொள்வார்கள். தலையுறை, கைப்பேசி விதிகளை இழிவாகப் பேசவும் வேண்டாம். அவை சாப்பிடுகிறவரின் வயிற்றைக் காக்க வந்தவை, நல்ல விதிகள். நீங்கள் சொல்லவேண்டியது வேறு: விதி சரி, அதை எல்லார் மேலும் ஒரே மாதிரி நடத்தவில்லை, நான் கேள்வி கேட்ட மறுநாள்தான் அது என் மேல் பாய்ந்தது. முன்னது சாக்கு. பின்னது சட்டத்தில் பெயர் உள்ள தவறு.

பெயர் உண்டு என்று சொல்வது வெறும் ஆறுதலுக்காக அல்ல. தொழில் தகராறு சட்டம், 1947-இன் ஐந்தாவது அட்டவணை, "நியாயமற்ற தொழில் நடைமுறைகள்" என்று ஒரு பட்டியலைத் தந்தது. பழிவாங்கும் நோக்கில் வேலைநீக்கம் செய்வது, சிறிய குற்றத்துக்கு அதன் தன்மையையும் தொழிலாளியின் பழைய பணிப் பதிவையும் பாராமல் வேலையைப் பறிப்பது, தகுதியைப் பாராமல் ஒரு சாராருக்கு மட்டும் சலுகை காட்டுவது எல்லாம் அதில் இருந்தன. 2025 நவம்பர் 21 அன்று, பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்த பிறகு, அந்தப் பட்டியல் அவற்றில் ஒன்றான தொழில் உறவுத் தொகுப்பின் இரண்டாவது அட்டவணையாகத் தொடர்கிறது. பழைய சட்டம் போய்விட்டது, இனி உங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்த்த ரஞ்சித் தாக்கூர் வழக்கைச் சொல்ல வேண்டும். அவர் இராணுவத்தில் சிக்னல் பிரிவு வீரர். தன்னை மோசமாக நடத்தியதாக ஓர் அதிகாரி மேல் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். முறைப்படி அனுப்பவில்லை என்று அதற்கே 28 நாள் சிறை. சிறையில் இருந்தபோது சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார் என்று அடுத்த வழக்கு. அதை விசாரித்த இராணுவ நீதிமன்றத்தில், அவர் யார் மேல் புகார் கொடுத்தாரோ அந்த அதிகாரியே உட்கார்ந்திருந்தார். ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் தண்டனை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புகாருக்கு உள்ளானவர் நீதிபதியாக உட்காரக் கூடாது என்றது. தண்டனை மனசாட்சியை அதிரவைக்கும் அளவுக்குக் குற்றத்தோடு பொருந்தாமல் இருக்கிறது என்றது. கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன இராணுவத்துக்கே அந்த எல்லை உண்டு என்றால், நண்டுக் கம்பெனி மேலாளருக்கு இல்லாமல் போகுமா? 2013-இல் மத்தியப் பிரதேசக் காவலர் ராஜேந்திர யாதவ் வழக்கில் இன்னொன்றையும் அந்த நீதிமன்றம் சொன்னது. ஒரே சம்பவத்தில் பெரிய பங்கு உள்ளவருக்குச் சின்னத் தண்டனையும், சின்னப் பங்கு உள்ளவருக்குப் பணிநீக்கமும் கொடுக்கக் கூடாது. இரண்டும் அரசுப் பணி வழக்குகள்தான். ஆனாலும் தண்டனை பொருத்தமாகவும் பாகுபாடு இல்லாமலும் இருக்கவேண்டும் என்ற அடிப்படை உங்களுக்கும் வாதமாகும். தனியார் தொழிலாளி விஷயத்தில், தண்டனை அதிகம் என்று பட்டால் அதைக் குறைக்கும் அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்குச் சட்டத்திலேயே தரப்பட்டிருக்கிறது.

இனி விளக்கக் கடிதம். மூன்று நாள் போதாது என்றால், முதல் நாளே ஒரு வரியில் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதிவிடுங்கள். மெமோ ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள். புரியாத தாளுக்கு யாரும் பதில் எழுத முடியாது. எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள், அந்த விதியின் நகல் எங்கே, "தூண்டியது" என்றால் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாரிடம், என்ன சொல்லித் தூண்டியது என்று கேளுங்கள். தேதியும் நேரமும் இல்லாத குற்றச்சாட்டு வலையில் பெரிய கிழிசல் மாதிரி, பாதி மீன் அதன் வழியே போய்விடும். கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"ஆறு ஆண்டுகளாக இங்கே பணிபுரிகிறேன். இதுவரை என் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. குறிப்பிட்ட தேதியில் இடைவேளை நேரத்தில், சதை எடுக்கும் மேசையில் இருந்து விலகி, வாசலில் நின்று, குழந்தையின் உடல்நிலை பற்றி வந்த அழைப்பை இரண்டு நிமிடம் பேசினேன். வேலைக்கோ சரக்கின் தூய்மைக்கோ அதனால் எந்தக் குறையும் ஏற்படவில்லை. யாரையும் தூண்டவில்லை. சுகாதார விதிகளை மதிக்கிறேன். அவை கூடத்துக்குள் வரும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்தப்படவேண்டும் என்று கேட்டேன்; அவ்வாறு கேட்டது பணிவின்மை ஆகாது. நான் கேட்ட மறுநாளே இந்த மெமோ தரப்பட்டதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சஸ்பெண்ட் உத்தரவை ரத்து செய்யும்படியும், விசாரணை நடத்துவதானால் மேலாளர் அல்லாத வேறொருவரைக் கொண்டு நடத்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இதைவிட நீளம் வேண்டாம். மேலாளரின் குடும்பம், குணம், பழைய கதை எதுவும் உள்ளே வரக்கூடாது. கோபம் உங்களுக்கு நியாயமாகவே இருக்கிறது, எனக்கும் இதை எழுதும்போது இருக்கிறது. ஆனால் நாளைக்கு இந்தத் தாளை வாசிக்கப்போகிறவர் உங்கள் மேலாளர் அல்ல, உங்களைப் பார்த்தே இராத ஓர் அதிகாரி. அவர் பார்வையில் எழுதுங்கள்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவு அஞ்சலிலேயே பதிவும் ஒப்புகையும் கேட்டுப் போடலாம். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

ராஜினாமா ஏன் கூடாது? வேலைநீக்கம் செய்தால் அதற்கு அவர்கள் காரணம் காட்டவேண்டும், விசாரணை நடத்தவேண்டும், நாளைக்கு அதிகாரி முன் நின்று பதில் சொல்லவேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சுமை எல்லாம் அவர்கள் தோளில் இருந்து இறங்கி உங்கள் தோளில் ஏறிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்பதை நீங்கள் நிரூபிக்கவேண்டும். "கணக்கை உடனே முடிக்கிறோம்" என்பது சலுகையும் அல்ல. ராஜினாமா, நீக்கம் எதுவானாலும் இரண்டு வேலை நாளில் சம்பள பாக்கியைத் தரவேண்டும் என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. ஐந்து ஆண்டு தாண்டிய உங்களுக்குப் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்குவது. அந்தத் தொகை 12,000 ரூபாய் என்று வைத்தால் ஆறு ஆண்டுக்கு 41,538 ரூபாய். கிலோ கணக்கில் கூலி வாங்கினாலும் நீங்கள் தொழிலாளிதான். கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடவே போடாதீர்கள்.

சஸ்பெண்ட் என்றால் சம்பளமே இல்லை என்று நினைத்துத்தான் பலர் முதல் வாரத்திலேயே மனம் உடைந்து ராஜினாமா எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில், சஸ்பெண்ட் காலத்தில் தரவேண்டிய பிழைப்பூதியத்துக்கு 1981-இல் இருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் 180 நாள் வரை முக்கால் பங்கு, அதையும் தாண்டினால் முழுச் சம்பளம். விசாரணை இழுபட்டதற்கு நீங்கள் காரணமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. இதையும் கடிதம் எழுதிக் கேளுங்கள், கேட்காமல் தரமாட்டார்கள்.

அந்த அரைநாள் பிடித்தம் எனக்கு மெமோவைவிடவும் கோபம் தருகிறது. வராத நேரத்துக்குத்தான் சம்பளம் பிடிக்கலாம், அதுவும் வராத அளவுக்கு மட்டும். பதினைந்து நிமிடத்துக்கு அரைநாள் என்ற கணக்கு 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்திலும் கிடையாது, இன்றைய தொகுப்பிலும் கிடையாது. வேன் கம்பெனியுடையது என்னும்போது அந்தத் தாமதம் உங்களுடையதே அல்ல. "அது பிடித்தம் அல்ல, அபராதம்" என்று சொன்னால் இன்னும் மோசமாக மாட்டிக்கொள்வார்கள். எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அரசின் ஒப்புதலோடு அறிவித்து ஒட்டியிருக்கவேண்டும், தொழிலாளியிடம் விளக்கம் கேட்டிருக்கவேண்டும், ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பதிவேட்டில் எழுதவேண்டும், அந்தப் பணத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடவேண்டும். வேனில் வந்த அத்தனை பேரும் சேர்ந்து கையெழுத்திட்டு இதற்கு ஒரு மனு கொடுக்கலாம். உங்கள் மெமோவோடு இதைக் கலக்காதீர்கள், தனித் தாளாக இருக்கட்டும்.

சேர்ந்து மனு கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன், சேர்ந்து வேலைக்கு வராமல் இருங்கள் என்று சொல்லவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ முன்னறிவிப்பின்றி ஒன்றுசேர்ந்து வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. புதிய தொகுப்பில், பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தம் என்றே கொள்ளப்படும். முறையான வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். உங்களுக்காகத் தோழிகள் கொதிப்பது எனக்குப் புரிகிறது. அவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

விசாரணை நடந்தால் போகாமல் இருக்காதீர்கள். போகாவிட்டால் ஒருதலையாக முடித்துவிடுவார்கள். குற்றம் சாட்டியவர் விசாரணை அதிகாரியாக இருந்தால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் சொல்லுங்கள். அவர்கள் சாட்சியை உங்கள் முன்னிலையில் விசாரிக்கவேண்டும், நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம், உங்கள் பக்கச் சாட்சியைக் கொண்டுவரலாம், உடன் வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அன்றன்று எழுதிய விசாரணைக் குறிப்பைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. நீங்கள் சொன்னது வேறு, எழுதியது வேறு என்றால் கையெழுத்துக்கு மேலே அதையும் எழுதிவிடுங்கள்.

மேலாளர் தலையுறை இல்லாமல் நடப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கூடத்துக்குள் படம் எடுப்பதே இன்னொரு மெமோவாக வந்து நிற்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்றன்றே எழுதுங்கள். வேன் எத்தனை மணிக்கு வந்தது என்பதைக்கூட எழுதுங்கள். சூப்பர்வைசர் மிரட்டியது குரல் செய்தியாக இருந்தால் அழிக்காமல் வையுங்கள். வெளிநாட்டு வாங்குபவர் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் தொழிலாளர் உரிமைப் பலகையை மாட்டி, மறுநாள் கழற்றுகிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தேதிகளும் நோட்டில் ஏறட்டும்.

மேலாளர் திட்டியபோது நாக்கூசும் வார்த்தை சொன்னார் என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். பாலியல் தன்மை கொண்ட சொல்லாக இருந்தால் அது வேறு சட்டம், 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். கூச்சத்தால் அந்த நாட்கள் ஓடிவிட வேண்டாம்.

நம் கரைக்கே உரிய இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, சரக்கு குறையும். "இப்போது வேலை இல்லை, பிறகு கூப்பிடுகிறோம்" என்று வாய்வார்த்தையாக அனுப்பிவிட்டு, தடை முடிந்ததும் மற்றவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கேள்வி கேட்டவரை மட்டும் விட்டுவிடுவார்கள். அதற்கு மெமோவும் இராது, உத்தரவும் இராது. அப்படி அனுப்பினால் எழுதித் தரக் கேளுங்கள். தராவிட்டால், வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். ஜூன் 15 காலையில் வாசலில் போய் நில்லுங்கள், உள்ளே விடவில்லை என்றால் அன்றே இன்னொரு கடிதம்.

எல்லாம் மீறி வேலையை விட்டு நீக்கினால், இராமநாதபுரத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் தொடங்குங்கள். சமரச அதிகாரி யார், மனு எப்படி என்று அங்கே சொல்வார்கள். சமரசப் பேச்சுக்கு 45 நாள் வரை. அது முறிந்தால் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு. தகராறு எழுந்து இரண்டு ஆண்டு தாண்டினால் சமரச அதிகாரியே கைவைக்க முடியாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். பெண் என்ற முறையிலும், தொழிலாளி என்ற முறையிலும், வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் பேசலாம். ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் பயப்பட வேண்டாம். அவர் சம்பளம் தராவிட்டால் கம்பெனிதான் தரவேண்டும்.

கீழக்கரை, இராமேசுவரம் கடைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டம் சற்று வேறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆவது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை வேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், வேகமாகப் போகவேண்டும். நாள் முழுக்க நிற்கவைக்கும் துணிக்கடைகளுக்காக, உட்கார இருக்கை தரவேண்டும் என்ற பிரிவும் 2021-இல் சேர்ந்தது.

கடைசியாக அந்த மிரட்டல், இந்தக் கரையில் வேலை கிடைக்காது என்பது. அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சூப்பர்வைசர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பேசிக்கொள்வார்கள். ஆனால் நண்டு ஓட்டுத் துணுக்கு இல்லாமல், சதை உடையாமல் எடுக்கும் ஆறு வருடக் கை எல்லாருக்கும் வேண்டும். மனம் வெறுத்து இந்த இடமே வேண்டாம் என்று நாளைக்கு நீங்கள் முடிவு செய்தால் அதில் எந்த அவமானமும் இல்லை. அப்போதும் முதலில் சஸ்பெண்ட் நீங்கட்டும், பிடித்த அரைநாள் சம்பளம் வரட்டும், பணிக்கொடைக் கணக்கு எழுத்தில் கைக்கு வரட்டும், பணிச் சான்றிதழ் வாங்குங்கள். பிறகு நீங்கள் குறித்த தேதியில் ராஜினாமா எழுதுங்கள்.

மெமோவின் நகலையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எனக்கு அனுப்புங்கள். கடிதத்தை முதலில் உங்கள் கைப்பட எழுதுங்கள், தப்பு இருந்தாலும் பரவாயில்லை. நாளைக் காலை சேர்ந்து திருத்திவிட்டால், மதியத் தபால் கட்டுவதற்குள் உச்சிப்புளியில் போட்டுவிடலாம்.